டவர் வந்தாச்சு

"சிம் கார்டு இல்லைன்னு காட்டுதும்மா. உள்ளேதானே கிடக்கு, எங்கே போயிடும்?"

கரகரத்த ஆண்குரல். வளவளா ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் அவளுக்கு அதுதான் பட்டப்பெயர். ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்த வாரம் இரண்டு முறை மீறியாகிவிட்டது. மூன்றாவது முறை மீறினால் நாளைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்னால் செய்துவிடுவாள்.

"உங்க நம்பர் சொல்லுங்க சார்."

"யாருக்கு ஞாபகம் இருக்கு? எனக்கு நானே போன் பண்ணிக்கிட்டாத்தானே?"

"சரி சார், சிம்மை எடுத்து வேற போன்ல போட்டுப் பார்க்கலாம். வேற போன் இருக்கா?"

"ஒரு மூட்டை இருக்கு. ஆனா இப்போ பேசிக்கிட்டிருக்கேனே, இது ஒண்ணுலதான் சார்ஜ் இருக்கு."

சிரித்தபடியே வளவளா திரையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த ஆள் பேசும் எண் ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: ‘போன் திருட்டுப் போனதாக உரிமையாளர் புகார்.’



"சிம் ட்ரேயைத் திறக்க... ஊசி மாதிரி ஏதாவது வேணும் சார்."

"ஊசி இல்லை. கத்தி இருக்கு. நாலஞ்சு இருக்கு, சின்னதா ஒண்ணு எடுக்கட்டா?"

"ஐயோ, வேண்டாம்! கம்மல் தண்டு இருந்தாக்கூடப் போதும்." தன் காதைத் தொட்டபடியே உளறிவிட்டாள்.

"கம்மலா? இரு." பொட்டலம் பிரிக்கும் சத்தம். "எட்டு ஜோடி இருக்கு. கல் வச்சதா, வைக்காததா?"

வளவளா கையை வீசிச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். கடிகாரத்தைக் காட்டியபடியே வந்தவளின் காதில் இன்னொரு ஹெட்போனைச் சொருகினாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் ஒரு சன்னக் குரல் கெஞ்சியது.

"அண்ணே, கதவைத் திறங்கண்ணே. தெரியாம வந்து மாட்டிக்கிட்டோம்ணே."

"சும்மா கிடடா. உன்னை என்ன பண்றதுன்னு பெரியவர் வந்து முடிவு பண்ணுவார்."

சூப்பர்வைசர் கடிகாரத்தை மறந்தாள். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுடி. நான் போலீசைப் பிடிக்கிறேன்."

பிறந்ததிலிருந்து வளவளாவிடம் யாரும் பேசு என்று சொன்னதில்லை.

"யார் சார் அங்கே?"

"ரெண்டு பசங்க. காலையில தூக்கிட்டு வந்து பூட்டி வச்சிருக்கோம். இவனுங்களை விட்டுட்டு நான் எப்படிக் கடைக்குப் போறது? அதான் உன்னைக் கூப்பிட்டேன். ஆங், ட்ரே திறந்துடுச்சு. ஈரமா இருக்கும்மா. டீயைக் கொட்டிட்டேன். பெரியவருக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடுவார்."

"துணியால நல்லாத் துடைங்க சார். அப்படியும் சரியாகலைன்னா புது சிம் அனுப்பறோம். அட்ரஸ் சொல்லுங்க."

"பதினாலு, நூலகத் தெரு. பேர் போடாதே. கவர் பெரியவர் கையில சிக்கினா நான் காலி."

வளவளா எழுதிய காகிதத்தைப் பிடுங்கி, சூப்பர்வைசர் போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கு வாசித்தாள். பிறகு காதோடு கிசுகிசுத்தாள். "அந்த ஏரியா ஸ்டேஷனுக்குச் சொல்றாங்களாம். லைன் கிடைக்கலையாம், அடிச்சுக்கிட்டே இருக்காங்க. விட்டுடாதே!"

விடுவாளா வளவளா? "சிம்மைத் திரும்பப் போடுங்க சார். போனை ஆஃப் பண்ணிட்டு, நூறு வரைக்கும் எண்ணி, அப்புறம் ஆன் பண்ணுங்க."

"நூறா?"

"நூறு சார். நிதானமா, சத்தமா எண்ணுங்க. அவசரப்பட்டா சிம் போயிடும்."

பாவம், ஒழுங்காகத்தான் எண்ணினான். அறுபத்து மூன்றில் குழம்பி, மறுபடி ஐம்பதிலிருந்து வந்தான். உள்ளே பூட்டிக் கிடந்தவர்களில் ஒருவன் "அறுபத்து நாலுண்ணே" என்று எடுத்துக் கொடுத்தான்.

"நூறு! ஆன் பண்றேன்... டவர் வந்தாச்சும்மா! நீ நல்லா இருக்கணும்!"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அந்த போன் அலறியது. "வைக்காதே, இதோ வர்றேன்" என்றவன் அதை எடுத்தான். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். குரல் அடியோடு மாறியது.

"வணக்கம் சார்! ஆமா சார், காலையிலேர்ந்து சிக்னல் கோளாறு சார்... கொள்ளைக் கூட்டமா? ரெண்டு பேரைக் கடத்தி வச்சிருக்கானுங்களா? விடக் கூடாது சார், இப்பவே ஜீப்பைக் கிளப்பறேன். அட்ரஸ் மட்டும் சொல்லுங்க சார்... பதினாலு..."

வளவளா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சார், அது நம்ம ஸ்டேஷன் சார்."