சிறைப்பட்ட ராணி

குற்றாலச் சாரல் தென்காசி தொலைபேசி நிலையத்தின் ஜன்னல் கம்பிகளை நனைக்கிறது. அழைப்புகள் குறைந்த மதியம். ஆபரேட்டர்கள் ஊருக்கு ஊர் லைனைச் சேர்த்துக்கொண்டு, வேஷம் கட்டிப் பேசி விளையாடுகிறார்கள். ஆலங்குளத்து யாக்கூப் தளபதி. கடையத்துச் சாம்பசிவம் மந்திரி. இங்கே ருக்மிணி, சிறைப்பட்ட ராணி. கல்யாணத்துக்காக வேலையை விடச் சொல்லி அப்பா எழுதிக் கொடுத்த ராஜினாமாக் கடிதம் அவள் மடியில் இருக்கிறது. “தளபதியாரே, சாயங்காலத்துக்குள்ள என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லுதாவ. போட்டுட்டா உங்க ரெண்டு பேரு குரலும் இனி எனக்குக் கேக்காது. யாராவது வந்து வேண்டாம்னு சொல்லுங்களேன்.” குரல் உடைகிறது. “ஏயப்பா, அழுகையும் சேத்துல்லா நடிக்கா!” என்று யாக்கூப் வியக்கிறான். “மந்திரி, ராணிக்கு ஒரு மாலையப் போடும்வே.” சாம்பசிவம் சிரிக்கிறார்: “வருது தாயி, கழுத்தக் காட்டுங்க.” ருக்மிணி ஹெட்போனைக் கழற்றாமலே பேனா மூடியைத் திறக்கிறாள்.