வெறும் சைன்

"புரியல மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க."

கூடத்துக் கரும்பலகை முன் நின்ற கணிதப் பேராசிரியை பெருமூச்சு விட்டாள். எதிரே நோட்டுடன் உட்கார்ந்திருந்த ஒரே மாணவருக்குத் தலை நரைத்திருந்தது.

"சைன் எக்ஸை எக்ஸால வகுக்கணும்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மேல ஒரு எக்ஸ், கீழ ஒரு எக்ஸ். ரெண்டையும் அடிச்சிட்டா மிச்சம் வெறும் சைன்தானே?"

"ஐயோ! சைன் என்ன தனி எண்ணா? தலையை எடுத்துட்டுத் தொப்பியை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்வீங்க?"

"அப்ப தொப்பியையும் அடிச்சிடலாமா மேடம்?"

சாக்பீஸ் பறந்து வந்து அவர் நெற்றியில் பட்டது. "மண்டையில என்ன களிமண்ணா? எழுந்து போர்டுக்கு வாங்க!"

"இதோ வந்துட்டேன்" என்று வாசலுக்கு நழுவியவர், கல்லூரி முதல்வரை ஃபோனில் அழைத்தார்.

"சார், நாளையிலிருந்து என் வகுப்பை மட்டும் நான் எடுத்தாப் போதும். என் மனைவி வகுப்பை இனி அவளே எடுப்பா."

"நிஜமாவா? உங்க பையன் தவறினதுலேருந்து அவங்க வாய்விட்டே பேசலைன்னீங்களே?"

"இப்ப திட்டறா சார். சாக்பீஸை விட்டெறியறா." நெற்றியைத் தடவிக்கொண்டார். "முப்பது வருஷமா நானும் கணக்கு வாத்தியார்தான். இன்னிக்குத்தான் சரியா தப்புப் போட்டேன்."

உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

"அங்க யார்கிட்ட விடை கேக்கறீங்க? ஃபோனை வச்சிட்டு வாங்க!"