பொருந்தாத கிட்னி

"பொய்டி! பச்சைப் பொய்! அதுவும் டாக்டர் வாயால!"

வின்னி கோப்பையை வைத்த வேகத்தில் பாதிக் காப்பி மேஜையில். ஆஸ்பத்திரி கேன்டீனே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவா பேசுடி" என்றேன். அவளுக்கு அது வராது. சட்டம், மருத்துவ அறவியல், ரெண்டையும் சேர்த்துப் படிக்கிறோம் நாங்கள். பட்டம் ரெண்டு என்றால் வாயும் ரெண்டு என்று வின்னிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போல. போன மாதம்தான், 'நோயாளியிடம் எந்தச் சூழ்நிலையிலும் பொய் கூடாது' என்று ஒரு கட்டுரை எழுதி, பேராசிரியரையே திணற அடித்தாள்.

இந்தப் பருவம் முழுக்க எங்களுக்கு உறுப்பு தானப் பிரிவில் பயிற்சி. அன்று காலை ஒரு கூட்டம். டோரீன் என்ற பெண்மணிக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. தம்பி லெஸ்டர் ஒன்று கொடுக்க வந்திருந்தான். கிளீவ்லாண்ட் நகரசபையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறவன். ஆள் நின்றால் வாசல் அடைபடும்.

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மன்னிக்கணும். லெஸ்டர் தானம் கொடுக்கத் தகுதியானவர் இல்லை" என்று முடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த ஆலோசகர் கோரா மேடமும் வாயே திறக்கவில்லை.

"என்னது! என் கிட்னிக்கு என்ன குறைச்சல்?" என்று லெஸ்டர் குதித்தான். டோரீன்தான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து அடக்கினாள்.

"எல்லா டெஸ்ட்டும் கச்சிதமாப் பொருந்துதுடி. ஃபைலை நானே பார்த்தேன்." வின்னி பல்லைக் கடித்தாள். "அந்த அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் மெஷின்ல கிடக்கறாங்க. வந்த கிட்னியை இவங்க திருப்பி அனுப்பறாங்க. கேக்க ஆள் இல்லைன்னு நெனப்பா?"

அந்த நேரம் பார்த்து லெஸ்டரே தட்டோடு வந்து ஓர் ஓர மேஜையில் உட்கார்ந்தான். தட்டு நிறைய உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரியான பியரோகி, மேலே வதக்கிய வெங்காயம். வின்னி நேராகப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், உங்க டெஸ்ட்ல ஒரு குறையும் இல்லை. உங்களை ஏமாத்தியிருக்காங்க. நீங்க கேஸே போடலாம்!"

லெஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தான். "கத்தாதேம்மா. அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

"என்ன?"

"ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண்ணு இருட்டிடும். ஆபரேஷன்னதும் தூக்கமே போச்சு. வேணாம்னு சொன்னா அப்புறம் அக்கா மூஞ்சியில முழிக்க முடியுமா? பயமா இருந்தா தனியா வந்து சொல்லுங்க, காரணம் கேக்காம 'தகுதியில்லை'ன்னு சொல்லி முடிச்சிடறோம்னு கோரா மேடம் முதல் நாளே சொல்லியிருந்தாங்க. போய்ச் சொல்லிட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதே தாயி!"

சொல்லிவிட்டு ஒரு பியரோகியை முழுசாக வாயில் போட்டான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, அக்கா அங்கே மெஷினில் கிடக்கிறாள், உனக்குத் தட்டு நிறையச் சாப்பாடு கேட்கிறதா?

வின்னி விருட்டென்று வெளியே வந்தாள். "கோழை! அந்த அம்மாவுக்கு உண்மை தெரிஞ்சாகணும்."

"ஏய், அவர் ரகசியத்தை நீ வெளியில விட்டா, வக்கீலாகறதுக்கு முன்னாடியே உன் கதை முடிஞ்சுது" என்று வழியை மறித்தேன்.

"நான் எங்கே சொல்லப் போறேன்? 'உண்மையைத் தெரிஞ்சுக்க விருப்பமா'ன்னு கேக்கத்தான் போறேன். கேக்கறதுக்கு எந்தச் சட்டத்துலடி தடை?"

ரெண்டு பட்டம் படிக்கிறவளிடம் யார் வாய் கொடுப்பது?

டயாலிசிஸ் அறையில் டோரீன் போர்வைக்குள் சாய்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கை காட்டிக் கூப்பிட்டாள். வின்னி ஆரம்பிப்பதற்குள் அவளே கிசுகிசுத்தாள்.

"காலையில கூட்டத்துல இருந்த பொண்ணுங்கதானே? என் தம்பி நம்பிட்டானா?"

"எதை மேடம்?"

"தகுதியில்லைன்னு சொன்னதை. கோராகிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்."

வின்னிக்குத் திறந்த வாய் மூடவில்லை. இருந்த ரெண்டு வாயும்தான்.

"அந்தத் தடியன் ஃப்ளூ ஊசிக்கே மயங்கி விழறவன்மா. எனக்காக உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு டெஸ்ட்டுக்கு வந்தான். செத்தாலும் வேணாம்னு அவன் வாயால சொல்ல மாட்டான். எனக்குக் கிட்னி வேணும்தான், ஆசை இல்லாமலா இருக்கும்? லிஸ்ட்ல பேர் இருக்கு, காத்திருக்கேன். நடுங்கிக்கிட்டே அவன் குடுக்கறதை வாங்கிட்டு நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு மட்டும் தெரியவே கூடாது. அக்காவே என்னை வேணாம்னுட்டாளேன்னு உடைஞ்சு போயிடுவான்."

இந்தக் கோரா மேடம் ரெண்டு பேருக்கும் தனித்தனியாகத் தலையாட்டிவிட்டு, காலையில் எவ்வளவு அப்பாவியாக உட்கார்ந்திருந்தார்!

"ஆமா, இப்ப அவன் எங்கே? ரொம்ப வருத்தப்பட்டானா?" என்று கேட்டாள் டோரீன்.

நான் வின்னியைப் பார்த்தேன். எந்தச் சூழ்நிலையிலும் பொய் கூடாது என்று கட்டுரை எழுதிய வின்னி, டோரீனின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"பாவம் மேடம். கேன்டீன்ல தட்டை முன்னாடி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ஒரு வாய்கூட இறங்கலை."