மெர்டேக்கா பொட்டலம்

சிவகாமசுந்தரி இடக்கையை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. வலக்கையால் மட்டும் பொட்டலத்தைப் பிராண்டிப் பார்த்தாள். வாழைநார் அவிழவில்லை.

"சரிப்படாது. வேற மாதிரி கட்டுங்க."

கமலவேணிக்கு முகம் சுண்டிப்போனது. இது அவள் கட்டிய மூன்றாவது பொட்டலம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கும் மெர்டேக்கா அன்று காஜா பேராங் திடலில் ஊருக்கே புளிச்சோறு. பந்திப் பொறுப்பு சிவகாமசுந்தரியிடம். அதை எதில் கட்டுவது என்று யோசிக்கத்தான் கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். காகிதம் ஆகாது, ரப்பர் வளையம் ஆகாது. தூக்கிப் போட்டால் மாடு தின்ன வேண்டும். தான் கட்டியதுதான் அன்றைக்கு எல்லார் கையிலும் இருக்க வேண்டுமென்று கமலவேணிக்குக் கொள்ளை ஆசை.

"இன்னொரு கையை நீட்டினா மகாராணிக்குத் தேய்ஞ்சா போயிடும்?" என்று முணுமுணுத்தாள்.

ஜெயா அவள் காதைக் கடித்தாள். "குடிவந்து ஒரு வருஷமாச்சு. வீட்டுக்காரரை ஒரு பந்தியில பார்த்திருக்கியா? அவரையும் இப்படித்தான் மிரட்டி வச்சிருப்பாங்க லா."

சிவகாமசுந்தரி காதில் விழுந்திருக்கும். அவள் அவிழாத பொட்டலத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அடியில பாக்குமட்டை வச்சா நகராது," என்றாள் தெய்வானை.

"நார் எதுக்கு? வெத்தலை மடிக்கிற மாதிரி நுனியைச் செருகிடு," என்றாள் பாக்கியம்.

கமலவேணி இரண்டையும் சேர்த்து மடித்து வைத்தாள். சிவகாமசுந்தரி நுனியை ஒற்றைக் கையால் இழுத்தாள். இலை தானாக விரிந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

"அம்மாடி!" மண்டபமே வாய்பிளந்தது. சிவகாமசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பொட்டலத்துக்கா இந்த அழுகை என்று கமலவேணிக்குச் சிரிப்பு வந்தது.

மெர்டேக்கா காலை. திடல் முழுக்க இலைகள் விரிந்துகொண்டிருந்தன. நாமா செய்தோம் இதை என்று கமலவேணிக்கு மலைப்பு அடங்கவில்லை.

அப்போது சிவகாமசுந்தரி தன் கணவர் பொன்னுதுரையை அழைத்துவந்து பந்தியில் உட்கார வைத்தாள். கமலவேணி ஓடிப்போய்ப் பொட்டலம் வைத்தாள், பிரித்துக் கொடுக்கவும் குனிந்தாள். சிவகாமசுந்தரி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

பொன்னுதுரை நுனியை இழுத்தார். இலை விரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

அவருடைய புதுச் சட்டையின் இடப்பக்கக் கை காற்றில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

"ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயில்பாதை வேலையில போச்சு, கமலா," என்றாள் சிவகாமசுந்தரி. " அடுத்தவங்க பிரிச்சுக் குடுத்தா சாப்பிட மாட்டாரு. அங்கேயிருந்து வந்த பிறகு இன்னைக்குத்தான் பந்தியில உட்கார்ந்திருக்காரு."