கேட்கத் தெரிந்தவர்

"சாயங்காலம் ஆறரை மணிக்கு அது வருதுங்க. முதல்ல தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் செருப்பைக் கழட்டற சத்தம்."

தொலைபேசியில் வந்த பெண்குரல் இதைச் சொல்லிவிட்டு நின்றது. ஆலோசகர் அவசரப்படவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, சொல்லுங்கம்மா என்றார்.

மனம் நொந்தவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று நடக்கும் அலுவலகம் அது. பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆறு மேசைகள். கூப்பிடுகிறவரின் எண் திரையில் தெரியாது, பெயரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு வருடமாக அங்கே காது கொடுத்துக் கேட்பதுதான் அவர் உத்தியோகம். இவரிடம் பேசினால் சுவர்கூட அழுதுவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்வார். ஒரு முறை கவனித்துக் கேட்ட குரலை அவர் மறந்ததே கிடையாது. மூன்று வருடம் கழித்துக் கூப்பிட்ட ஒருவரை, வாயைத் திறக்குமுன் இருமலிலேயே கண்டுகொண்டு, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்.

இந்தக் குரல் அவருக்குப் புதிது. மேலாளர்தான் அழைப்பை இவர் பக்கம் மாற்றிவிட்டிருந்தார். இருப்பவர்களில் மூத்தவரிடம்தான் பேசுவேன், அவர்தான் நன்றாகக் கேட்பாராம் என்று அந்த அம்மாள் பிடிவாதமாகச் சொன்னாளாம். ஆலோசகருக்கு உள்ளூரப் பெருமைதான்.

வீட்டு விஷயம் வாசல் தாண்டாத குடும்பத்தில் வளர்ந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. வெளி மனிதரிடம் இதையெல்லாம் சொல்ல நேர்ந்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அது வந்ததும் கூடத்து விளக்கு எரியும். நாற்காலி இழுபடும். மூடி வைத்த சாப்பாடு குறைந்திருக்கும். யாரு என்று குரல் கொடுத்தால் பதில் வராது. காலை எட்டு மணிக்கு மறுபடியும் தாழ்ப்பாள் சத்தம். அதோடு வீடு அடங்கிவிடும்.

முகத்தைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டார்.

"பார்த்து ரொம்ப நாளாச்சுங்க. இப்பல்லாம் முதுகுதான் தெரியுது."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். பட்டப்பகல் மூன்று மணி, சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

எவ்வளவு காலமாக என்றதற்கு, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியதிலிருந்து, ஒன்பது வருடமாக என்றாள். வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார்.

"அவரு இருந்தப்ப வீடு கலகலன்னு இருந்துச்சுங்க."

சொல்லாததையும் சேர்த்துக் கேட்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் என்பது அவர் கொள்கை. 'விதவை; தனிமை' என்று குறித்துக்கொண்டார்.

"போன மாசம் காய்ச்சல்ல கூடத்துலயே படுத்துட்டேன். அது பக்கத்துல வந்து நின்னுச்சு. கையைத் தூக்குச்சு. நெத்தியில வெக்கப்போகுதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். எனக்கு மேல கையை நீட்டி லைட்டை அணைச்சிட்டுப் போயிடுச்சு."

"பயந்துபோயிட்டீங்க."

"அது பயமில்லீங்க."

வேறு என்ன என்று அவர் கேட்கவில்லை. பயமில்லை என்று சொல்கிறவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்பது அவர் அனுபவம். பயத்துக்குப் பயம் என்று பெயர் வைத்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்று இதமாக எடுத்துச் சொன்னார். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சில நாள் எனக்கே சந்தேகமா இருக்குங்க. அது பேயா, இல்ல நான்தான் பேயான்னு. சும்மா ஒரு பாத்திரத்தைக் கீழ போட்டுப் பார்ப்பேன், சத்தம் வருதான்னு."

பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்திருப்பதாகச் சொன்னாள். மகள் வரச் சொல்கிறாள். கால்தான் எழவில்லை. முப்பத்து நான்கு வருடம் பெயர் கெடாமல் காத்த வீடு; இந்த வயதில் படி இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள். நீங்கள் இரு என்றால் இருக்கிறேன், போ என்றால் போகிறேன் என்றாள்.

கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், முடிவு சொல்லக்கூடாது என்பது அலுவலக விதி. பன்னிரண்டு வருடத்தில் அவர் அதை மீறியதில்லை. அதைத்தான் அவளிடமும் பக்குவமாகச் சொன்னார்.

"உங்க வீட்டுப் பொம்பளைக்கு இப்படி நடந்தா என்ன சொல்வீங்க?"

ஆலோசகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடும்பம் என்று வந்துவிட்டால் அவர் கண்டிப்பான மனிதர். விதியை ஓரமாக வைத்தார்.

"என் வீட்டுப் பொம்பளையா இருந்தா, அந்த வீட்ல இன்னும் ஒரு சாயங்காலம் இருக்க விடமாட்டேம்மா. ஆறரைக்குள்ள கிளம்பிடுங்க. அதனால எந்தப் பேரும் கெட்டுப்போகாது."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. எதையோ தரையில் நகர்த்தும் ஓசை. அவர் குறுக்கிடவில்லை. அவளாகப் பேசட்டும் என்று, எல்லோருக்கும் காத்திருப்பது போலவே இவளுக்கும் காத்திருந்தார்.

"சரிங்க, கிளம்பறேன். உங்க பிரஷர் மாத்திரை கூடத்து மேசை மேல இருக்கு."