சுடலைமுத்து கொண்டுவந்த கோடிச் சேலை

இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களுக்கு, தையல் பிரிக்கும் அன்றே ஆஸ்பத்திரியில் சாவுத் தேதி போட்ட தாளையும் கொடுத்துவிடுகிறார்கள். பேச்சியம்மாளின் தாளில் நவம்பர் ஆறு என்று இருந்தது. இதுவரை யாருக்கும் தேதி தவறியதில்லை.

ஏழாம் தேதி காலை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பேச்சியம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டே, யாருக்குக் காப்பி வரவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். தம்பி சுடலைமுத்து மட்டும் மடியில் இருந்த பையைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்படி என்னலே இருக்கு அதுக்குள்ள?"

பிடுங்கித் திறந்தாள். பச்சையில் புதுச் சேலை. செத்துப்போன அக்காவுக்குப் போர்த்த, பிறந்த வீட்டிலிருந்து தம்பி எடுத்துவரும் கோடி.

"தாள்ல போட்டிருந்திச்சேன்னுதான்க்கா..."

பேச்சியம்மாள் சேலையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, அதையே உடுத்திக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றாள்.

"பச்சைன்னா எனக்கு உசுருன்னு மறக்கலியேல நீ. இது உடுத்தியாச்சு. பொறவு வரும்போது வேற எடுத்துட்டு வரணும், பாத்துக்க."

தலையாட்டிய பிறகுதான் சுடலைமுத்து கவனித்தான். வாக்கர் அறைக்குள்ளேயே நின்றிருந்தது.