பதினொரு நாள் விருந்து

கிட்ட வந்து இருங்கோ, என்ரை குஞ்சுகள். புளியங்கூடலில் அரைத்த மா ஒன்று கடல் தாண்டிப் போய் வழக்குப் பேசி வென்ற கதை சொல்கிறேன்.

"ஒடியல் மா சாப்பாட்டுச் சாமானோ எண்டு கேட்டிருக்கினம், யோகம்மாக்கா," என்றாள் நிரோஜினி.

யோகம்மா சுளகைக் கீழே வைத்தாள். "பின்னை என்ன, முகத்துக்குப் பூசுற பவுடர் எண்டு நினைச்சவையோ?"

நிரோஜினிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மகளிர் சங்கத்துத் தலைவி. முப்பத்திரண்டு பெண்கள் மூன்று மாதமாகப் பனங்கிழங்கைப் பிளந்து, காயவைத்து, அரைத்து, முதன்முதலாக ஜேர்மனிக்கு அனுப்பிய இரண்டு தொன் மா அங்கே துறைமுகத்தில் மறிபட்டுக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி காட்டாவிட்டால் அத்தனையையும் அழித்துவிடுவார்களாம்.

மாவை வாங்கியவன் வாகீசன், அங்கே கடை வைத்திருக்கும் சரவணை ஊர்ப் பிள்ளை. தொலைபேசியில் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினான்.

"1997ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன்னமே ஐரோப்பாவிலை சனம் வாங்கிச் சாப்பிட்ட சாமான் எண்டால் பிரச்சினை இல்லை, அக்கா. இல்லாட்டி அது புதுச் சாப்பாடு. தனி அனுமதி எடுக்க வேணும். அதுக்கு வருசக்கணக்காகும்."

"என்ரை பூட்டன் இந்த மாவிலை காய்ச்சிக் குடிச்ச கூழ் அவைக்குப் புதுசோ?" என்றாள் யோகம்மா.

"சட்டம் அப்பிடி வளர்ந்து கிடக்கு. ஊர்காவற்றுறையிலை பாய்க்கப்பல் ஏத்தின காலத்திலை தீர்வையைக் கட்டினால் விட்டிடுவாங்கள். பிறகு சுத்தமோ எண்டு பார்த்தாங்கள். இப்ப சரித்திரம் கேக்கிறாங்கள். எங்களை மட்டுமில்லை, ஆபிரிக்காவிலை ஒரு தானியம், பெருவிலை ஒரு கிழங்கு, எல்லாத்துக்கும் இதே கேள்விதான்."

"பாரிசிலை எங்கட சனம் அந்தக் காலத்திலை கூழ் காய்ச்சின படம் அனுப்பினனாங்களே?" என்றாள் நிரோஜினி.

"படத்திலை பானைதான் தெரியுது, பானைக்குள்ளை என்ன எண்டு தெரியேல்லை எண்டு திருப்பி எழுதிப்போட்டினம். இந்த ஜேர்மன் அரசாங்கத்தின்ரை முத்திரை குத்தின பழைய கடதாசி ஏதும் இருக்கோ?"

யாரிடம் இருக்கும்?

வாசலோரக் கதிரையில் நிரோஜினியின் தாய்மாமன் அரியநாயகம் இருந்தார். முப்பது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அவரைப் பற்றி ஊருக்கு இரண்டு விசயம் தெரியும். கூழை அவர் தொடமாட்டார். வெளிநாட்டு நாக்கு என்று சனம் சொல்லும். மற்றது அவருடைய பெருமைப் பேச்சு. "நான் போய் இறங்கின உடனை அந்த அரசாங்கம் பதினொரு நாள் தன்ரை செலவிலை அறை தந்து, சாப்பாடு தந்து, வாசலிலை காவலும் போட்டது" என்று கலியாண வீடு, செத்த வீடு எல்லாவற்றிலும் சொல்லுவார்.

யோகம்மா விடவில்லை. "அரியண்ணை, உங்களுக்குத்தானே அந்த அரசாங்கம் விருந்து வைச்சது. எங்களுக்கு ஒரு கடதாசி வாங்கித் தாங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழும்பி, செருப்பைக் கொழுவிக்கொண்டு போய்விட்டார். நிரோஜினிக்குக் கோபம் வந்தது. கஷ்டத்தில் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல ஏலாத மனுசன்.

அடுத்த நாள் காலை பழுப்பு நிற உறை ஒன்றோடு வந்தார்.

"இதைப் படம் எடுத்து வாகீசனுக்கு மட்டும் அனுப்பு, பிள்ளை. ஒண்டும் கேளாதை."

வாசித்துப் பார்த்தாலும் அவளுக்கு என்ன விளங்கும்? மூன்று தாள்களும் ஜேர்மன் பாஷை. அடியில் வட்ட முத்திரை, மேலே 1991 என்ற வருடம். மடித்த இடமெல்லாம் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கத்தில் நண்டுக் கூழ் கொதித்தது. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் யோகம்மா காய்ச்சியது. தொலைபேசி அடித்ததும் நிரோஜினி பாய்ந்து எடுத்தாள்.

"வெண்டிட்டம், அக்கா," என்றான் வாகீசன். "மாவை விட்டிட்டாங்கள். எங்கட மா மட்டுமில்லை, இனி ஆர் அனுப்பினாலும் புதுச் சாப்பாடு எண்டு ஒடியல் மாவை மறிக்க ஏலாது. சாப்பிடுற மாதான் எண்டு தங்கட ஆய்வுகூடமே 1991இலை எழுதி வைச்சதை எப்பிடி மறுக்கிறது? ஒப்பிட்டுப் பார்க்க எண்டு அப்ப அவை இஞ்சத்தை நாலு கடையிலை வாங்கின ஒடியல் மாவின்ரை விபரமும் அதிலை கிடக்கு. கேட்டதுக்கு மேலையே கிடக்கு."

முப்பத்திரண்டு பெண்களும் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகங்கள் பறந்தன. யோகம்மா அகப்பையோடு ஆடினாள். அப்போது கதிரையிலிருந்து ஒரு கை நீண்டது.

"எனக்கும் ஊத்து, யோகம்மா."

யோகம்மா ஆட்டத்தை நிறுத்தி ஊற்றிக் கொடுத்தாள். அரியநாயகம் பனையோலைப் பிளாவை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிமண்டி வரைக்கும் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

"மாமா," என்றாள் நிரோஜினி மெதுவாக, "எங்கட ஒடியல் மாவை ஆய்வுகூடத்துக்கு ஆர் கொண்டு போனது?"

"பொலிஸ்," என்றார் அவர். "அம்மா என்ரை பெட்டிக்குள்ளை கட்டி வைச்ச மாவை விமான நிலையத்திலை கண்டிட்டு, போதைத் தூள் எண்டு பிடிச்சவங்கள், அது சாப்பாடுதான் எண்டு சோதிச்சு எழுதி என்னை வெளியிலை விட, பிள்ளை, பதினொரு நாள் எடுத்தது."

உங்கள் வீட்டு வாசலும் எந்நாளும் காவல் இல்லாமல் திறந்து கிடக்கட்டும், ராசாக்கள். அடுப்பிலே கூழ் பொங்கட்டும்.